தோட்டச் சாலையில் ஒரு நாள் சைக்கிள் ஓட்டுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போகிறீர்கள்?" என்பதுதான். சிலர் கேமரன் மலை என்பார்கள். சிலர் லங்காவி என்பார்கள். பேரங்காடி, கைப்பேசி, தூக்கம் என்று மனந்திறந்து சொல்வோரே அதிகம். இதில் எதையும் நான் குறை சொல்லப் போவதில்லை. ஓய்வு உழைத்தவரின் உரிமை. படித்துக் களைத்த மாணவருக்கும் அது உண்டு. ஆனால், அதிகச் செலவில்லாமல் ஒரே நாளில் முடிந்து, பல நாள் மனத்தில் நிற்கும் ஒரு பயணத்தை உங்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு நெகிரி செம்பிலானின் தோட்டச் சாலைகளில் ஒரு நாள் அவசரமில்லாமல் சுற்றி வாருங்கள்.

"தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று ஒரு படிவம் 5 மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய தாத்தா தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறியவர். இவரோ சிரம்பானில் ஒரு வீடமைப்புப் பகுதியில் வளர்ந்தவர். மூன்று தலைமுறையில் தோட்டம் ஒரு பழைய கதையாகிவிட்டது. இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கு நான் தரும் பதில்.

சைக்கிள் டயரும் நம் பாட்டனாரும்

முதலில், ஏன் சைக்கிள்? நம் முன்னோரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று, காற்றடைத்த ரப்பர் டயர் ஒன்றைச் செய்தார். அதுவரை சைக்கிள் என்றால் எலும்பை ஆட்டி எடுக்கும் வண்டி. காற்று டயர் வந்ததும் அது சுகமான வாகனமாகிவிட்டது. 1890-களில் இங்கிலாந்து முழுவதும் சைக்கிள் மோகம் பரவியது. விடுமுறை நாளில் நகரத்தை விட்டுக் கிளம்பி, கிராமத்துச் சாலைகளில் மெதுவாக ஓட்டி, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்புவது அங்கே பெரிய பொழுதுபோக்கானது.

அந்த டயர்களுக்கு ரப்பர் வேண்டுமே! 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றிருந்தார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச்.என். ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்தார். அப்போது யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் நட்டார். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்ததும், மலாயாவின் காப்பித் தோட்ட முதலாளிகளும் ரப்பருக்கு மாறினார்கள். சைக்கிளைத் தொடர்ந்து மோட்டார் கார் வந்தது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்களை வாங்கியது.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களுக்குக் கங்காணிகள் போனார்கள். 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்ற பெயரிலேயே ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிகள் இந்த மண்ணில் வந்து இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை இந்த ஆள்சேர்ப்பு நீடித்தது.

இங்கிலாந்துக் கிராமத்துச் சாலையில் ஒருவர் சுகமாகச் சைக்கிள் ஓட்ட, ரந்தாவிலும் லிங்கியிலும் ஒருவர் விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனார். அந்தச் சாலையின் மறுமுனை இந்தச் செம்மண் சாலை. வரலாற்றுப் பாடநூலில் இவை இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்களில் கிடக்கின்றன. சைக்கிளில் ஏறினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே சைக்கிள் ஓட்டியவர்கள் எல்லாரும் பிரபுக்கள் அல்லர். ஆலைத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள் ஆகியோரும் ஓட்டினார்கள். 1894-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் கழகம், சமத்துவக் கொள்கை கொண்ட இளைஞர்கள் அமைத்தது. பெண்கள் துணையில்லாமல் வெளியே போகச் சைக்கிள் வழிவிட்டது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு அந்தத் தொழிலாளர்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை, போராடிப் பெற்றது. ஓய்வு எங்கேயும் தானாக வருவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரந்தாவிலிருந்து போர்ட்டிக்சன்வரை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நானும் ஒரு நண்பரும் ரந்தாவிலிருந்து கிளம்பினோம். காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் தோசையும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டுச் சைக்கிளில் ஏறினோம். சிலியாவ் பக்கமாகப் போய், சிறு சாலைகளில் சுற்றி வளைத்து, மாலையில் போர்ட்டிக்சன் கடற்கரையை அடைவதுதான் திட்டம். நேர்வழியில் காரில் போனால் அரைமணி நேரப் பயணம். எங்களுக்கு ஒரு நாள் ஆனது. அதற்காகத்தானே கிளம்பினோம்!

காரில் போகும்போது செம்பனை மரங்கள் ஒரு பச்சைச் சுவராக ஓடி மறையும். சைக்கிளில் அந்தச் சுவர் திறக்கிறது. மரங்கள் முக்கோண வரிசையில் நடப்பட்டிருப்பது தெரிகிறது. வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் அடுக்கியிருப்பது தெரிகிறது. எலிகளைப் பிடிக்க ஆந்தைகளுக்கென்று கம்பத்தின் மேல் வைத்த மரப்பெட்டி தெரிகிறது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சிவந்த பழங்களைப் பார்த்துத்தான் குலை பழுத்துவிட்டது என்று அறிந்துகொள்கிறார்கள். ஓரிடத்தில் ஓர் இளைஞர் நீண்ட குழாயின் நுனியில் கட்டிய அரிவாளால், அண்ணாந்து பார்த்தபடி குலையை அறுத்துக்கொண்டிருந்தார். இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்தவராம். மூன்று ஆண்டாக ஊருக்குப் போகவில்லையாம். தம் மகளின் படத்தைக் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினார். நூறாண்டுக்கு முன் நம்மவர் இருந்த இடத்தில் இன்று அவர் இருக்கிறார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் காற்று மாறியது. சாலையோரம் ஒரு சிறு ரப்பர்த் தோப்பு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். மங்கு கட்டிய மரங்களில், இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரிந்து இறங்கும் வெட்டுக்கோடு. பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து சுற்றிச் செல்கின்றன. அதனால் இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வடியும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து பால் மெதுவாகிறது. உயிரியல் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்யும் செல் நீரழுத்தம், நம் பாட்டிமாரை அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்ட அதே அழுத்தம்தான்.

நண்பகலுக்குச் சற்று முன், பழைய லயத்து வீடுகள் சில நின்ற இடத்தை அடைந்தோம். பாதி வீடுகளில் ஆளில்லை. பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் புதுவண்ணம் பூசி அழகாக இருந்தது. கோயில் திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னா தம்பி, வழி தவறிட்டீங்களா?"

"இல்லைங்க பாட்டி. சும்மா சைக்கிள்ல சுத்திப் பார்க்க வந்தோம்."

"சும்மாவா? இந்த வெயில்ல சும்மா யாராச்சும் சைக்கிள் மிதிப்பாங்களா?" என்று சிரித்தார். பிறகு எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

தம் கணவர் வைத்திருந்த ராலி சைக்கிளைப் பற்றி அவரே சொல்லத் தொடங்கினார். டவுனில் சீனர் கடையில் மாதத் தவணையில் வாங்கியதாம். பின்னால் இரண்டு பக்கமும் பால் தோம்பு தொங்கும். அவர் மட்டும் காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடப்பாராம். "அப்ப சைக்கிள்ல ஊர் சுத்தினதே இல்லையா பாட்டி?" என்று என் நண்பர் கேட்டார்.

"ஒரே ஒரு தடவ. கல்யாணமான புதுசுல டவுனுக்குப் படம் பார்க்கப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வர்றப்ப ராத்திரி மணி பன்னெண்டு. விடியக்காலையில பெரட்டுக்கு நிக்கணுமே! நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடனே சிரிக்க வரவில்லை. ராலி சைக்கிள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்யப்பட்டது. அதன் டயருக்கான ரப்பர், இந்தத் தோட்டத்து மரங்களிலிருந்தே போயிருக்கலாம். பால் எடுத்தவர் அதே பாலில் செய்த பொருளைத் தவணையில் வாங்கி, அதில் மறுபடியும் பாலையே சுமந்தார். சைக்கிள் என்ற பொருளை உலகம் பொழுதுபோக்காகக் கொண்டாடியபோது, அதற்கு ரப்பர் தந்த மனிதருக்கு அது ஒரு சுமைவண்டி. வாழ்நாள் முழுவதிலும் ஒரே ஓர் இரவு மட்டும் அது சுகவண்டி.

மாலை நான்கு மணிக்குமேல் போர்ட்டிக்சனுக்குள் நுழைந்தோம். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதையில் இப்போது பயணிகள் ரயில் இல்லை. ஈயமும் பிறகு ரப்பரும் கடலுக்குப் போன வழி அது. கடற்கரையில் குடும்பங்கள் விளையாடிக்கொண்டிருந்தன. நாங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காலைத் தண்ணீரில் நனைத்தோம்.

பெயர்கள் மட்டும் மிஞ்சும் காலம்

நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பிராட்வால் தோட்டம், ஆதர்டன் தோட்டம், செயின்ட் லியோனார்ட் தோட்டம், மிடில்டன் தோட்டம். இங்கிலாந்து வரைபடத்தை விரித்தாலும் இதே பெயர்கள் கிடைக்கும். பிராட்வால் செஷயர் வட்டாரத்தில் ஒரு கிராமம். ஆதர்டன் மான்செஸ்டர் அருகே ஓர் ஊர். செயின்ட் லியோனார்ட்ஸ் தென்கடற்கரையில் ஒரு சிற்றூர். பகாவ் வட்டாரத்தில் கெட்டீஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. 1920-களிலும் 30-களிலும் டன்லப் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பெயரும் சர் எரிக் கெட்டீஸ்தான். நம் பிள்ளைகள் அந்தப் பெயர்களைத் தாங்கிய பலகையின் கீழ் நின்று அ, ஆ படித்தார்கள்.

இப்போது பல இடங்களில் பள்ளிப் பலகையில் மட்டுமே தோட்டம் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும் என்பதால் குடும்பங்கள் வெளியேறின. சிரம்பான், நீலாய் பக்கங்களில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களை உள்ளடக்கிய மலேசிய விஷன் வேலித் திட்டம் மேலும் பல தோட்ட நிலங்களை மாற்றும். வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளில் நம் பிள்ளைகளும் குடியிருப்பார்கள், அந்தத் தொழிற்சாலைகளில் நம் பட்டதாரிகளும் பொறியாளர்களாக இருப்பார்கள். ஆனால், புல்டோசர் வந்தபின் "இங்கே ஆயக்கொட்டகை எங்கே இருந்தது?" என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

தோட்டத்தை விலைக்கு வாங்கிக் கூறுபோட்டு விற்ற காலத்தில் நம்மவர் கைகட்டி நிற்கவில்லை. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சிறுசேமிப்பைப் போட்டு நிலத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். அன்று அவர்கள் சேர்த்தது பணம். இன்று நாம் சேர்க்க வேண்டியது நினைவு. அதற்குப் பணம்கூட வேண்டாம். ஒரு சைக்கிளும் ஒரு குறிப்பேடும் போதும்.

எப்படிப் போவது?

நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்டம் தனியார் நிலம். ஆகவே, உள்ளே போகுமுன் வாயிற்காவலரிடமோ அலுவலகத்திலோ அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பொதுச்சாலையிலேயே ஓட்டுங்கள், அதிலும் பார்க்க நிறைய உண்டு. தலைக்கவசம், தண்ணீர், டயர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு வேண்டும். செம்பனை லோரிகள் வளைவில் வேகமாக வரும், இடப்பக்கத்தை விட்டு நகராதீர்கள். மழை பெய்த செம்மண்ணில் பிரேக்கை நம்பாதீர்கள். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. சக்கரம் சுற்றி, பிரேக் பிடித்தால் போதும்.

வேகத்தை எண்ணாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பதைவிட, எத்தனை முறை நின்றோம் என்று எண்ணுங்கள். நிற்குமிடத்தில் பெரியவர்கள் இருந்தால் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்தத் தோட்டத்துக்கு நம்மவர் வைத்த பெயர் என்ன? நீங்கள் முதன்முதலில் செய்த வேலை என்ன? உங்களுக்கு ஓய்வு கிடைத்தால் என்ன செய்வீர்கள்? துரைமார் வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கும். நம்மவர் வைத்த பெயர் அவர்கள் நாவில் மட்டுமே இருக்கிறது. மங்கு, காண்டா, உளி, நிரை, தண்டல், கிராணி, பெரட்டு, ஒட்டுப்பால் போன்ற சொற்களைக் கேட்டால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் சில தமிழ்நாட்டிலும் இந்தப் பொருளில் வழங்குவதில்லை. நாம் மறந்தால் வேறு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதிப் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு படி மேலே போகலாம். வரலாறு, மானுடவியல், மொழியியல், புவியியல் என எந்தத் துறையில் இருந்தாலும் ஆய்வுத் தலைப்பு உங்கள் தாத்தாவின் தோட்டத்திலேயே காத்திருக்கிறது. பெரியவர்களின் இசைவோடு குரலைப் பதிவு செய்து, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். எழுதியதை இந்தப் பக்கத்துக்கும் அனுப்புங்கள்.

இதையெல்லாம் சொன்னதும், விடுமுறையிலும் வீட்டுப்பாடமா என்று பயந்துவிடாதீர்கள். குறிப்பு எழுதாமல் வெறுமனே சுற்றினாலும் அந்த நாள் வீணாகாது. மரநிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக்கைப் பிரித்துச் சாப்பிடுங்கள். பாட்டுப் பாடுங்கள். நண்பனோடு பந்தயம் வைத்துத் தோற்றுச் சிரியுங்கள். அந்தச் சாலைகளில் நம் முன்னோர் ஆயிரக்கணக்கான முறை போயிருக்கிறார்கள், ஏறத்தாழ எப்போதும் வேலைக்காகவே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே சாலையில் மகிழ்ச்சிக்காக ஒரு நாள் போவது அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான். அவர்கள் பட்ட பாட்டின் பயனாகத்தான் நமக்கு இந்த ஓய்வு கிடைத்திருக்கிறது.

செம்பனை வரிசைகளும் எஞ்சிய லயத்து வீடுகளும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரும் நமக்காக வெகுகாலம் காத்திருக்கப் போவதில்லை. இந்த விடுமுறை முடிவதற்குள் ஒரு நாளை ஒதுக்குங்கள். இன்றே சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள்.